மூன்று சக்கரக் கார்: ராபினா, பாதலா?

மிஸ்டர் பீன் பார்த்தவர்களுக்கு அந்த வெளிர்நீல மூன்று சக்கர வண்டி கட்டாயம் நினைவிருக்கும். பீன் குறுக்கே வந்தாலே பாவம், அது கவிழ்ந்துவிடும்! அதன் பெயர் ரிலையன்ட் ரீகல். இங்கிலாந்தில் டாம்வொர்த் என்ற ஊரில் இருந்த ரிலையன்ட் கம்பெனியின் வண்டி. அதே கம்பெனி 1973-ல் கொண்டுவந்த அடுத்த வண்டிதான் ராபின்.

நம் நாட்டிலும் அப்படி ஒரு கார் ஓடியது. 1970-களின் நடுவில் பெங்களூரின் சன்ரைஸ் கம்பெனி (பின்னாளில் சிபானி ஆட்டோமொபைல்ஸ்) தயாரித்த அதன் பெயர் பாதல். இந்தியில் மேகம் என்று அர்த்தம். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, ஃபைபர் கிளாஸ் பாடி. பழைய போட்டோவைப் பார்த்தவுடன் "இது ராபின் காப்பி" என்று சொல்லிவிடத் தோன்றும். அது சரிதானா?

இந்த மாதிரி வண்டிகளை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும்.

1. ஒற்றைச் சக்கரம் எங்கே? ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 (1955) வண்டியில் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும். அங்கே இரண்டு சக்கரம் இருந்தால் வண்டி எளிதில் கவிழாது. ரீகல், ராபின், பாதல் மூன்றும் இதற்கு நேர் எதிர்.

2. கதவு எப்படி? மெஸ்ஸர்ஷ்மிட்டில் போர் விமானம் போலக் கண்ணாடி மூடியைப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். அது விமானக் கம்பெனி ஆயிற்றே! பிஎம்டபிள்யூ இசெட்டாவில் வண்டியின் முகமே கதவு. ராபினில் சாதாரணக் கார் கதவு.

3. எஞ்சின் எங்கே? குட்டு உடைவது இங்கேதான். ராபினில் நான்கு சிலிண்டர் எஞ்சின் முன்பக்கம் இருக்கும். பாதலில் வெறும் 198 சிசி டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், அதுவும் பின்பக்கம்! வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும் உள்ளே வேறு வண்டி. அமைப்பைப் பார்த்தால் பாதலுக்கு நெருங்கிய சொந்தம் ராபின் அல்ல. பின்னால் எஞ்சின் வைத்த நம்ம ஊர் ஆட்டோதான்.

பிறகு இந்தக் குழப்பம் எப்படி வருகிறது? காரணம் இருக்கிறது. ரிலையன்ட்டுக்கும் பெங்களூருக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டு, ஆனால் அது பாதலுக்குப் பிறகு. ரிலையன்ட்டின் நான்கு சக்கரக் கிட்டன் காரை அடிப்படையாக வைத்து 1982-ல் சிபானி டால்ஃபின் காரைக் கொண்டுவந்தது. 848 சிசி எஞ்சின், எடை குறைவு. அதனால்தான் சென்னைக்கு அருகே சோழவரம் பந்தயங்களில் அது சீறிப் பாய்ந்தது. இந்த உறவை எடுத்து மூத்த வண்டியின் தலையிலும் கட்டினால் பாதலைச் செய்தவர்களின் உழைப்பு இங்கிலாந்துக்காரன் கணக்கில் போய்விடும்.

அந்தக் காலத்தில் கார் என்றால் அம்பாசிடர், பிரீமியர், வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் என்று இரண்டு மூன்றுதான். லைசென்ஸ் கிடைப்பதே பெரும்பாடு. போதாததற்கு 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் விலையும் ஏறியது. அந்த நிலைமையில் சின்ன எஞ்சினும் ஃபைபர் பாடியுமாக ஒரு காரைக் கொண்டுவந்தது சாதாரணத் துணிச்சல் இல்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. நான்கு கதவு, இரும்பு பாடி, பின்னால் சுசுகியின் பலம். சின்னக் கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இன்று வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் போகிறவர்கள் ஒரகடத்தைக் கடந்துதான் போக வேண்டும். ரெனோ-நிஸான் கூட்டணி 2010-ல் திறந்த ஆலை அங்கே இருக்கிறது. ஆண்டுக்கு 4 லட்சம் கார் தயாரிக்கும் திறனோடு திட்டமிடப்பட்டது. அதில் தயாராகும் கார்களை அடையாளம் காண யாருக்கும் சிரமம் இருக்காது. பெயரும் படமும் எங்கும் கிடைக்கும். பாதலுக்கு அந்த வசதி இல்லை. ஃபைபர் பாடி துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் தப்பான பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதைச் சுரண்டி எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கஷ்டம்.

எனவே அடுத்த முறை எங்காவது ஒரு பழைய மூன்று சக்கரக் காரின் படத்தைப் பார்த்தால், பெயர் வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எஞ்சின் எங்கே?