குடத்திலிட்ட ஓலையும் சிறுவனின் கையும்

மலைக்கோட்டையின் அடிவாரத் தெருக்களில் ஒன்றில் இயங்கும் பள்ளியொன்றிலிருந்து சில மாதங்களுக்கு முன் எங்களுக்கு ஓர் அழைப்பு வந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தேர்தல் பற்றிப் பேச வேண்டும். கல்வெட்டு படிக்கிறவர்கள் என்பதால் குடவோலை முறையிலிருந்து தொடங்கினால் நன்று என்றார் அழைத்த ஆசிரிய நண்பர். நாங்களும் மகிழ்ந்து ஒப்புக்கொண்டோம். 'உலகுக்கு மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாமே' என்று மேடைகளில் பலமுறை முழங்கிப் பழகிய நா அல்லவா! அந்த முழக்கம் ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமியின் கேள்வி முன் எவ்வாறு தடுமாறியது என்பதைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் வரலாற்றைப் பார்த்துவிடுவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் என இன்று அழைக்கப்படும் கட்டடத்தின் சுவரில், முதற் பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்றும் 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்றும் உள்ளன. அவை முறையே பொ.ஆ. 919, 921ஐச் சேர்ந்தவை. சதுர்வேதிமங்கலமாகிய அவ்வூரின் மகாசபை, தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் விதிகளை வகுத்துக்கொண்ட ஆவணங்கள் இவை.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்கள் ஓலை நறுக்குகளில் எழுதப்பட்டன. குடும்பு வாரியாகக் கட்டி, எந்தக் குடும்பினது என்று காட்டும் வாயோலையும் பூட்டி, அக்கட்டுகளைக் குடத்தில் இட்டனர். சிறியோரும் முதியோரும் உட்பட மகாசபை முழுமையும் கூட வேண்டும். அன்று ஊரிலிருக்கும் நம்பிமார் ஒருவரும் ஒழியாமல் சபை நடுவே அமர வேண்டும். அவருள் மூத்தவர் எழுந்து, எல்லோரும் காணக் குடத்தை உயர்த்திப் பிடிப்பார். உள்ளிருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டின் ஓலைகளை வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதை வாங்கிப் படிக்க, நம்பிமார் அனைவரும் அதைப் படித்து உறுதிசெய்வர். கைக்குள் மறைத்து ஓலையை மாற்றிவிடக் கூடாதே என்னும் எச்சரிக்கைதான் விரல்களை விரிக்கச் செய்திருக்கிறது!

இவ்வாறு 30 குடும்புகளுக்கும் வந்த முப்பதின்மருள் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் அமர்ந்தனர். பதவிக்காலம் 360 நாள். பஞ்சவார வாரியம், பொன் வாரியம் ஆகியவற்றுக்கும் குடவோலையே வழி.

தகுதிகள் கடுமையானவை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். 919இல் 30 முதல் 60 என்றிருந்த வயது வரம்பு 921இல் 35 முதல் 70 என்றானது. வேதப் பயிற்சி தேவை; ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும் விளக்கிச் சொல்ல வல்லவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும். முந்தைய மூன்றாண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை எழுத முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதவே முடியாது. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என நெருங்கிய உறவினர் பெயர்களுக்கும் அதே தடை.

இவற்றைச் சொற்பொழிவாகச் சொன்னால் பிள்ளைகள் உறங்கிவிடுவார்கள் என்று அஞ்சி, நடித்துக் காட்ட முடிவுசெய்தோம். வகுப்பிலிருந்த நாற்பதின்மருக்கும் சீட்டு வழங்கினோம். நிலக்கிழார், உழவர், குயவர், நெசவாளர், வணிகர், கொல்லர், வேதம் வல்ல பட்டர், அவர்தம் மனைவியர், மக்கள் என ஆளுக்கொரு வேடம். அனைவரும் எழுந்து நிற்க, விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். பொருந்தாதவர் உட்கார வேண்டும்.

நில விதியிலேயே பாதிக்கு மேற்பட்டோர் அமர்ந்துவிட்டனர். வேத விதியில் வணிகரும் எஞ்சிய பெண்களும் அமர்ந்தனர். வயது, கணக்கு, உறவு என்று படித்து முடித்தபோது நின்றவர் மூவர். மூவரும் பையன்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து அழைத்து வந்திருந்த சிறுவன் குடத்தில் கைவிட்டு ஓலையை எடுத்தான், கைதட்டல் எழுந்தது. அப்போதுதான் குயவர் சீட்டு வைத்திருந்த சிறுமி கேட்டாள்: "சார், பானை செஞ்சதே நான்தானே? என் பேரு மட்டும் ஏன் அதுக்குள்ள இல்ல?"

ஆயத்தமாக வைத்திருந்த விடை எதுவும் எங்களிடம் இல்லை.

பிராமணர் ஊர்களில் சபை, ஏனைய ஊர்களில் ஊரார், வணிகர் ஊர்களில் நகரத்தார் என்று சோழர் கால உள்ளாட்சி பலவகைப்பட்டது என்பதைச் சொல்லிச் சமாளிக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் உத்தரமேரூர்க் குடத்துக்குள் குயவர் பெயர் இல்லை என்பதை அது மாற்றாது. மேலும், அங்கு நடந்தது வாக்களிப்பும் அன்று, திருவுளச் சீட்டு. 'இவர் வேண்டும்' என்று எவரும் யாருக்கும் ஓலை இடவில்லை. பண்டைய ஏதென்சிலும் ஐந்நூற்றுவர் அவைக்கு உறுப்பினர் சீட்டு முறையில்தான் எடுக்கப்பட்டனர். பெண்களும் அடிமைகளும் அங்கும் வெளியேதான். வெனிசு நகரில் 1268 முதல் தலைவரைத் தெரிந்தெடுத்த நீண்ட சடங்கில், தெருவில் எதிர்ப்பட்ட ஒரு சிறுவனை அழைத்து வந்து உருண்டைகளை எடுக்கச் சொன்னார்கள். பெரியவர்கள் ஒருவரையொருவர் நம்பாத இடத்தில் ஒரு குழந்தையின் கையை நம்பியிருக்கிறார்கள்!

இலக்கியச் சான்று என நாம் காட்டும் அகநானூற்று 77ஆம் பாடலையும் மறுபடி பார்த்தோம். மருதன் இளநாகனார் பாடிய அப்பாலைப் பாட்டில், வீழ்ந்து கிடக்கும் வீரரின் குடரைப் பருந்து இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை நீக்கி ஓலையை வெளியே எடுக்கும் ஆவண மாக்கள் உவமையாகின்றனர். குடமும் ஓலையும் உண்டு. தேர்தல் என்னும் சொல் அங்கில்லை. அதைக் குடவோலையாகக் கொள்வது உரைகாண்போர் கருத்து. புறநானூறு போற்றும் உறையூர் அவையமும் அறங்கூறும் அவையே. மலைக்கோட்டைக்குக் கூப்பிடு தொலைவிலிருக்கும் உறையூரை வாக்குச்சாவடியாக்க அப்பாடல்கள் இடந்தரவில்லை.

அப்படியானால் உத்தரமேரூரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிடுவதா? 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டியபோதுகூட இக்கல்வெட்டு நினைவுகூரப்பட்டது. பெருமைக்குரியதுதான். ஆனால் அப்பெருமை யாருக்கு வாக்கு இருந்தது என்பதில் இல்லை. அதிகாரம் பெற்றவரை எவ்வாறு கட்டுப்படுத்தினார்கள் என்பதில் இருக்கிறது. ஓராண்டுப் பதவி, மூன்றாண்டு இடைவெளி, கணக்குக் காட்டாதவர்க்குத் தடை, எல்லோரும் காணத் திறக்கும் குடம்: இவை இன்றைக்கும் தேவைப்படுபவை. இதே ஊரின் மறுகரையில், திருவரங்கத் தொகுதியின் உறுப்பினர் 2014இல் நீதிமன்றத் தீர்ப்பொன்றால் தகுதியிழக்க, 2015 பிப்ரவரி 13இல் இடைத்தேர்தல் நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தகுதியிழப்பு விதி ஆயிரமாண்டுக்கு முன்பே கல்லில் ஏறியிருக்கிறது.

குயவச் சிறுமியின் பெயர் குடத்துக்குள் வர நெடுங்காலம் ஆயிற்று. திருச்சிராப்பள்ளி நகராட்சி 1866இல் அமைந்தது. அதன்பின் வந்த ஆங்கிலேயர் காலத் தேர்தல்களிலும் சொத்து, வரி, கல்வி என்னும் வரம்புகள் தொடர்ந்தன. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் கிடைத்தபோதும் அதே வரம்புகளுக்கு உட்பட்டே கிடைத்தது. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்பதை அரசியலமைப்பின் 326ஆம் உறுப்பு உறுதிசெய்ய, 1951-52 பொதுத்தேர்தலில்தான் நிலமும் எழுத்தும் கேட்கப்படாமல் மக்கள் வரிசையில் நின்றனர். 21 என்றிருந்த வயது 1989இல் 18 ஆனது.

மறுவாரம் அதே வகுப்புக்குச் சென்றோம். இம்முறை சீட்டு வேடங்கள் இல்லை. வகுப்பின் நூலகப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நால்வர் போட்டியிட்டனர். நாற்பதின்மரும் மறைவில் எழுதி, மடித்து, அதே குடத்தில் இட்டனர். எண்ணிக்கை எல்லோர் முன்னும் நடந்தது. வென்றவன் மாதக் கடைசியில் நூற்கணக்கை வகுப்பின் முன் படிக்க வேண்டும், தவறினால் மறுமுறை நிற்க முடியாது என்ற விதியைப் பிள்ளைகளே சேர்த்தார்கள். அதை முன்மொழிந்தவள் அந்தச் சிறுமிதான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டோம். "நீங்க போன வாரம் படிச்ச கல்வெட்டுலதான் சார்" என்றாள்.

மேடை முழக்கத்தை அன்றோடு நிறுத்திவிட்டோம். குடத்தைப் பள்ளியிலேயே விட்டுவந்தோம்.