பறுவமும் சூறாவளியும்: சந்திரனுக்குத் தொடர்பு உண்டா?

வங்கக் கடலில் தாழமுக்கம் உருவானால், வானிலை அறிக்கையோடு நாட்காட்டியையும் பார்ப்பவர்கள் நமது கரையோரங்களில் இருக்கிறார்கள். பறுவமோ அமாவாசையோ நெருங்கினால் புயல் பலக்கும் என்பது அவர்களின் கணிப்பு. விஞ்ஞானிகளும் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1972இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 78 ஆண்டுகளில் வட அத்திலாந்திக், வடமேற்குப் பசுபிக் சமுத்திரங்களில் உருவான 1,013 சூறாவளிகளை ஆராய்ந்தது. அரைப்பிறை நாட்களை விட, பறுவம், அமாவாசை நாட்களை ஒட்டி ஏறத்தாழ 20 சதவீதம் அதிகமான சூறாவளிகள் உருவாகியிருந்தன. ஆனால், சூறாவளியாக வலுப்பெறாத 410 புயல்களோ அரைப்பிறை நாட்களை ஒட்டியே அதிகம் உருவாகியிருந்தன.

சந்திரனின் ஈர்ப்பு கடலைப் போலவே காற்று மண்டலத்தையும் அசைக்கிறது. எனினும் அதனால் அயன மண்டலத்தில் ஏற்படும் அமுக்க மாற்றம் 0.1 மில்லிபாருக்கும் குறைவு. வெயிலால் அங்கு நாளாந்தம் ஏற்படும் மாற்றமே 2 முதல் 3 மில்லிபார் வரை இருக்கும். சந்திரனால் மழையில் ஏற்படும் மாறுபாடு ஏறத்தாழ 1 சதவீதம் மட்டுமே என 2016இல் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். சூறாவளி உருவாகக் கடல்நீர் 26.5 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக வேண்டும். ஈரக்காற்று வேண்டும். மேலும் கீழும் வீசும் காற்றுகளிடையே பெரிய வேறுபாடு இருக்கக்கூடாது.

வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளி 1964 டிசம்பர் 22 இரவு வந்தது. அது பறுவம் கழிந்த மூன்றாம் நாள். 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியோ தேய்பிறையின் அரைநிலவை ஒட்டி வந்தது. நாட்காட்டியை மட்டும் நம்பியிருந்தவருக்கு அது ஆபத்தில்லாத நாள்.

சந்திரனின் பங்கு தெளிவாகத் தெரிவது கடல் பெருக்கில்தான். பறுவத்திலும் அமாவாசையிலும் சூரியன், பூமி, சந்திரன் ஒரே நேர்கோட்டில் வருவதால் பெருக்கு கூடுகிறது. அந்த நேரத்தில் புயல் கரையைத் தொட்டால், அது தள்ளிவரும் நீர் பெருக்கின்மேல் ஏறும். 1970 நவம்பர் 12 இரவு கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா சூறாவளியில் இதுவே நடந்தது. மறுநாள் பறுவம். இறந்தவர்கள் குறைந்தது 3 இலட்சம் பேர் என மதிப்பிடப்படுகிறது.

இலங்கைக் கரையில் பெருக்குக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆனாலும் கடல் உயர்ந்து நிற்கும்போது முகத்துவாரங்கள் வழியே மழைவெள்ளம் வடிவது தாமதமாகும். எனவே பறுவம், அமாவாசை நாட்களில் புயல் எச்சரிக்கை வந்தால், களப்போரத் தாழ்நிலங்களில் வாழ்பவர்கள் பெருக்கு நேரத்துக்கு முன்பே மேட்டுக்குச் செல்வது நல்லது. மற்ற நாட்களில் வரும் எச்சரிக்கையும் அதே அளவு முக்கியமானது. அவசர உதவிக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை அழைக்கலாம்.