சிலப்பதிகாரத்தை எங்கேருந்து ஆரம்பிக்கலாம்?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். பதினைஞ்சு வயசுப் பசங்களுக்குச் சிலப்பதிகாரத்தை எங்கேருந்து ஆரம்பிச்சுச் சொல்றது?

1942-ல ‘கண்ணகி’ படம், 1964-ல ‘பூம்புகார்’, 1968-ல மெரினா சிலை. எல்லாத்துலயும் மனசுல நிக்கிறது, கையில சிலம்போட நியாயம் கேக்கிற கண்ணகிதான். அதனால கிளைமாக்ஸ் பசங்களுக்கு முன்னாடியே தெரியும்.

ஜேடர்பாளையத்துல சொந்தக்காரப் பசங்க கிட்ட நான் ஆத்துலேருந்து ஆரம்பிச்சேன். நம்ம ஊர் தாண்டிப் போற காவிரி கடல்ல சேர்ற இடம்தான் பூம்புகார். அங்கேருந்து கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோட மதுரைக்கு நடக்கிறாங்க. புது ஊர், விக்கிறதுக்கு ஒரு சிலம்பு. அரண்மனைப் பொற்கொல்லன், தன் திருட்டை மறைக்கக் கோவலனைக் கை காட்டறான்.

இங்க நிறுத்திட்டு, “நீங்கதான் பாண்டியன். என்ன பண்ணுவீங்க?”ன்னு கேட்டேன்.

“ராணி கிட்ட இருக்கிற இன்னொரு சிலம்போட ஒத்துப் பாக்கலாமேங்ண்ணா”ன்னு ஒரு பொண்ணு சொன்னா.

அவ்வளவுதான்! ராணி சிலம்புல முத்து, கண்ணகி சிலம்புல மாணிக்கம். ஆனா ஊடல்ல இருந்த ராணியைச் சமாதானப்படுத்தப் போய்க்கிட்டிருந்த ராஜா, விசாரிக்காமலே உத்தரவு போடறார். ஆளைப் பாத்தா திருடன் மாதிரி இல்லையேன்னு காவலர்களுக்கே சந்தேகம். பொற்கொல்லன் பேசியே அதைக் கலைக்கிறான். ஒருத்தன் வாளை வீசிடறான். எங்க மென்பொருள் பாஷையில சொன்னா, ரெண்டு இடத்துல செக் இருந்தும் பிழை தாண்டிப் போயிடுச்சு. உண்மை தெரிஞ்சதும் ராஜா சிம்மாசனத்துலேயே உயிரை விடறார்.

பலரும் படிக்காமத் தாண்டிப் போற ஒரு பகுதி, நூலோட தொடக்கத்துல வர்ற ‘உரைபெறு கட்டுரை’. பாண்டிய நாட்டுல மழை பொய்த்து நோய் பரவ, கண்ணகியைச் சாந்தப்படுத்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான்னு அது சொல்லுது. அதைக் கேட்டுக் கொங்கிளங்கோசரும் தங்க நாட்டுல விழா எடுத்தாங்களாம். நம்ம கொங்கு கதைக்குள்ள வர்ற இடம் இதுதான்.

விசாரிக்காமக் கொன்னது ஒருத்தனை. அதுக்குப் பரிகாரமா, ஒரு தப்பும் பண்ணாத ஆயிரம் பேர். பசங்க ரொம்ப நேரம் சண்டை போட்டது இதுக்குத்தான்.

2018-ல, பிள்ளை பிடிக்கிற கூட்டம்னு வாட்ஸ்அப்ல பரவின வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்துல கோயிலுக்கு வந்த வயசான அம்மாவைக் கூட்டமே அடிச்சுக் கொன்னுச்சு. அங்க ராஜா யாருமில்லை. கேள்வி கேக்க வேண்டியவங்க, சுத்தி நின்ன எல்லாரும்தான். சிலம்பைப் பசங்க கையில கொடுக்கறப்போ, அந்தக் கேள்வியையும் சேர்த்துக் கொடுத்துடுங்க.