ஆணியில் விழுந்த அச்சு

நாணய ஏலப் பட்டியல்களில் 'பிழை நாணயங்கள்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். 2016இல் அமெரிக்காவில் அந்தப் பகுதியில் ஏலத்துக்கு வந்த பொருள் ஓர் ஆணி. இரும்புக் கடையில் எடை போட்டு அள்ளித் தருவார்களே, அந்த மாதிரி ஆணிதான். அதன் உடம்பில் பத்து சென்ட் நாணயத்தின் அச்சு விழுந்திருந்தது. நாற்பதாயிரம் டாலருக்கு மேல் போயிற்று.

விலை கிடக்கட்டும். 'பிழை' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாணயம் அடிக்கும் எந்திரத்தில் மேலும் கீழுமாக இரண்டு அச்சுகள், சுற்றிலும் விளிம்பைக் கட்டுகிற வளையம். வெற்று வில்லைகளை விரல் போன்றதோர் உறுப்பு ஒவ்வொன்றாகத் தள்ளிக் கொடுக்கும். வில்லை சரியாக உட்காராவிட்டால் படம் ஓரமாக விழும். ஐந்து சென்ட் அச்சுக்குள் ஒரு சென்ட் வில்லை நுழைந்துவிடும். சில சமயம் தள்ளுகிற விரலின் நுனியே முறிந்து அச்சுகளுக்கிடையே சிக்கி, அதுவும் அரச முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். இதெல்லாம் எந்திரம் செய்கிற பிழை, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஆணி தானாக நடந்துவந்து அச்சுக்கடியில் படுத்துக்கொள்ளுமா? யாரோ வைத்திருக்க வேண்டும். வேலை அலுப்பிலா, விளையாட்டாகவா, வெளியே விற்றுக்கொள்ளலாம் என்றா, பட்டியல் அதைச் சொல்லாது. வைத்த கையை அழித்துவிட்ட பிறகே அது 'பிழை' ஆகிறது; பிழை ஆன பிறகே அதற்கு விலை வருகிறது. தொழிலாளியைப் பற்றிய நமது வரலாற்றெழுத்துக்கும் இந்தப் பட்டியலுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகத் தெரியவில்லை.

பிழையை அரசு எப்போது ஏற்கும் என்பது இன்னொரு கதை. 1943இல் போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அமெரிக்கா ஒரு சென்ட்டைத் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தது. முந்தைய ஆண்டின் செம்புக் கலவை வில்லைகள் சில எந்திரத்துக்குப் போய் அச்சாகிவிட்டன. 1947இல் ஒரு பள்ளி மாணவனுக்குச் சில்லறையில் அப்படி ஒன்று கிடைத்தது. அந்த வருடம் செம்பில் காசே அடிக்கவில்லை என்று கருவூலம் அடித்துச் சொல்லிவிட்டது. அதே காசு 2019இல் இரண்டு லட்சத்து நாலாயிரம் டாலருக்கு விற்றது.

அரசே கண்ட கண்ட பொருளில் அச்சடித்தால் பெயர் 'நெருக்கடி நாணயம்' என்று மாறிவிடும். இங்கிலாந்தின் அரியணையை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் 1689 மார்ச்சில் அயர்லாந்தில் வந்து இறங்கினார். படைக்குச் சம்பளம் தர வெள்ளி இல்லை. டப்ளினிலும் பிறகு லிமரிக்கிலும் நாணயச்சாலை வைத்து, பழைய பீரங்கி, உடைந்த மணி, அண்டா குண்டா என்று அகப்பட்டதையெல்லாம் உருக்கி ஷில்லிங்கும் அரைக் கிரவுனும் அடித்தார்கள். 'பீரங்கிக் காசு' என்பது அதற்கு நிலைத்துவிட்ட பெயர். ஆண்டோடு மாதமும் அதில் பொறிக்கப்பட்டது. அரியணை திரும்பக் கிடைத்ததும் மாதவாரியாக வெள்ளி கொடுத்து மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. ஆக, அது உலோகத்தில் எழுதிய கடன் பத்திரம்தான். 1690இல் அந்த உலோகத்துக்கும் தட்டுப்பாடு வந்தது. முப்பது பென்னிக்கான பெரிய அரைக் கிரவுன்களின் மேலேயே மறுபடி அடித்து, அறுபது பென்னிக் கிரவுன் என்று வெளியிட்டார்கள். தகடு அதேதான், எழுத்து மட்டும் இரட்டிப்பாயிற்று. ஜூலையில் பாய்ன் ஆற்றுப் போரில் ஜேம்ஸ் தோற்று பிரான்சுக்கு ஓடினார். வந்த புதிய ஆட்சி, கிரவுனும் ஒரு பென்னி, பெரிய அரைக் கிரவுனும் ஒரு பென்னி என்று அறிவித்தது. அடியில் இருந்தது ஒரே தகடுதானே! ராஜா தப்பிவிட்டார், சம்பளமாக வாங்கிய சிப்பாயும், அவனிடம் காசு வாங்கிக்கொண்டு சரக்குக் கொடுத்த கடைக்காரரும் செல்லாக்காசோடு நின்றார்கள்.

நெதர்லாந்தின் லைடன் நகரம் 1574இல் செய்தது வேறு மாதிரி. ஸ்பானியப் படை ஊரை வளைத்திருந்தபோது, கத்தோலிக்கப் பிரார்த்தனைப் புத்தகங்களின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அட்டையாக்கி, அதில் நாணயம் அச்சிட்டார்கள். மேலே பொறித்த லத்தீன் வாசகம் 'இது விடுதலையின் பொருட்டு' என்று பொருள்படும். விடுதலை என்று போடுவதா, மதத்தின் பொருட்டு என்றல்லவா போட வேண்டும் என்று அந்த ஊர்ப் புராட்டஸ்டண்ட் போதகர் ஒருவர் சண்டைக்கு வந்தார். எனக்கு உறுத்துவது வேறு. யாருடைய வேதத்தைக் கிழித்து யாருடைய விடுதலை அச்சானது என்ற கேள்வி அங்கே எழுந்ததாகத் தெரியவில்லை.

பகைவனின் காசையே வெற்று வில்லையாகக் கொண்டவர்களும் உண்டு. கி.பி. 132 முதல் 135 வரை ரோமுக்கு எதிராக பார் கோக்பா தலைமையில் கிளர்ந்த யூதர்கள், புழக்கத்திலிருந்த ரோமப் பேரரசின் காசுகளின் மீதே தங்கள் அச்சை அடித்தார்கள். வெண்கலக் காசுகளில் சக்கரவர்த்தியின் முகத்தை அரத்தால் தேய்த்துவிட்டு அடித்ததும் உண்டு. வெள்ளியில் அந்த அளவுக்கு அழியவில்லை. புதிய எழுத்துக்கடியிலிருந்து பழைய முகத்தின் ஒரு கீற்று எட்டிப் பார்க்கும். பிரதிக்கடியில் பிரதி என்று நாம் பேசுவதைச் சுத்தியலால் செய்து காட்டியவர்கள் அவர்கள். நாசிக் அருகே ஜோகல்தெம்பியில் 1906இல் கிடைத்த புதையலிலும் மேலடிப்பு உண்டு: நகபானனின் பதின்மூவாயிரத்துக்கும் அதிகமான வெள்ளிக் காசுகளில் பெரும்பகுதியின் மேல் கௌதமிபுத்திர சாதகர்ணியின் அச்சு. ஆனால் அது வென்ற அரசன் தோற்ற அரசன்மேல் அடித்தது. கிளர்ச்சியையும் வெற்றிப் பிரகடனத்தையும் 'மேலடிப்பு' என்ற ஒரே தலைப்பில் அடுக்கிவிட்டு நாணயவியல் நிம்மதியாகிவிடுகிறது.

நாணயச்சாலையே இல்லாதவர்களுக்கு என்ன வழி? முதல் உலகப் போருக்கு முன், வாக்குரிமை கேட்ட பிரிட்டிஷ் பெண்களின் இயக்கத்தவர் ஏழாம் எட்வர்டின் முகம் பொறித்த சாதாரணப் பென்னியை எடுத்தார்கள். ஓர் எழுத்துக்கு ஓர் உளி. ஓர் எழுத்துக்கு ஓர் அடி. 'பெண்களுக்கு வாக்கு' என்ற ஆங்கில முழக்கத்துக்குப் பதின்மூன்று எழுத்து. அரசன் முகத்தின் குறுக்கே மூன்று வரியாக அது விழுந்தது. காசைச் சிதைப்பது சட்டப்படி குற்றம். ஆனால் பென்னி மிகச் சின்னக் காசு; ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்குவது அதன் மதிப்புக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அது கைமாறிக்கொண்டே இருந்தது. கடையில் மீதிச் சில்லறை வாங்கியவர் காசைத் திருப்பிப் பார்த்தால், ராஜாவின் காதுக்கு மேல் ஒரு கோரிக்கை இருந்தது.