சுவிஃப்றின் உள்ளமும் கலிவரின் பயணமும்

1726 இல் வெளிவந்த 'கலிவரின் பயணங்கள்' நம்மிற் பலருக்குச் சிறுவர் கதையாகவே அறிமுகமானது. வகுப்பிலே அக்கதையைச் சொல்லிவரும் ஆசிரியன் என்ற முறையில், அதனைப் படைத்த ஜொனதன் சுவிஃப்றை உளப்பகுப்பாய்வாளர் எவ்வாறு நோக்கினர் என்பதை இன்று எடுத்துக்கொள்கின்றேன்.

சுவிஃப்ற் 1667 இல் டப்ளினிற் பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையார் காலமாகிவிட்டார். கைக்குழந்தையாயிருந்த அவரைச் செவிலித்தாய், வீட்டாருக்குத் தெரியாமலே கடல்கடந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றாள். ஏறத்தாழ மூன்றாண்டுகள் அங்கேயே வளர்ந்தார். இதனை எழுதிவைத்தவர் சுவிஃப்றேதான்.

பிராய்டின் சீடரான சாண்டோர் பெரென்சி 1926 இல் நியூயோர்க்கில் ஆற்றிய உரையில், பெரியோர் நடுவே குழந்தை உணர்ந்த சிறுமையின் எச்சமே இராட்சதர் என்றும், அச்சிறுமையை வெல்லும் ஆசைக் கற்பனையே குள்ளர் என்றும் விளக்கினார். இராட்சதர் நாட்டிலே கலிவரைப் பெட்டியில் வைத்துக் காக்கும் ஒன்பது வயதுச் சிறுமியை அவன் 'செவிலி' என்றே அழைக்கிறான். முடிவில் அப்பெட்டி கடலில் விழ, ஆங்கிலக் கப்பலொன்று அவனை மீட்கிறது. செவிலி, கடல், இங்கிலாந்து ஆகிய மூன்றும் இங்கு மீண்டும் வருவது தற்செயலென என்னால் தள்ளிவிட முடியவில்லை.

ஆயினும் இம்முறைக்கு எல்லையுண்டு. சுவிஃப்றை வாழ்நாளெல்லாம் வருத்திய தலைச்சுற்றும் செவிட்டுத்தன்மையும் உட்செவி நோயின் விளைவென்றே இன்று பெரிதும் கருதப்படுகின்றன. அந்நோயை மெனியே என்ற பிரெஞ்சு மருத்துவர் விளக்கியது 1861 இலேதான். அதற்கு முன்னர் பலர் அவற்றைப் பைத்தியத்தின் அறிகுறிகளென்றே எண்ணினர்.

அவரது சினத்தையும் தந்தையற்ற பிள்ளையின் ஏக்கமாக மட்டும் கொள்ளலாமா? அயர்லாந்துப் பாராளுமன்றத்தைக் கேளாமலே அந்நாட்டுக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமை 1722 இல் வூட் என்பவருக்கு வழங்கப்பட்டது. 1724 இல் சுவிஃப்ற் புனைபெயரில் அதனை எதிர்த்துக் கடிதங்கள் எழுதினார். எழுதியவரைக் காட்டிக்கொடுப்போருக்கு அரசு 300 பவுண் பரிசு அறிவித்தது. டப்ளின் மக்கள் பலர் அறிந்திருந்தும் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. மறுவருடம் அவ்வுரிமை மீளப்பெறப்பட்டது. அச்சினம் ஒரு மக்கட்கூட்டத்தின் சினமுமாகும்.

ஆகவே, கற்பனை எவ்வுருவில் வந்தது என்பதற்கு உளப்பகுப்பாய்வு விடை தரலாம். அது எதற்காகப் பயன்பட்டது என்பதற்கு வரலாற்றையே நாடவேண்டும். 1742 இல் சித்தசுவாதீனமற்றவரென அறிவிக்கப்பட்ட சுவிஃப்ற் 1745 இல் காலமானார். மனநோயாளருக்கென ஒரு மருத்துவமனை அமைக்கத் தம் செல்வத்தின் பெரும்பகுதியை அவர் முன்னரே உயிலில் எழுதிவைத்திருந்தார். அது 1757 இல் டப்ளினிலே திறக்கப்பட்டது.