முகமும் முகத்திரையும்: மேரி வோர்ட்லி மாண்டேகுவின் துருக்கிக் கடிதங்கள்

1715ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் லேடி மேரி வோர்ட்லி மாண்டேகுவுக்குப் பெரியம்மை கண்டது. அப்போது அவருக்கு வயது 26. லண்டன் அரசவை வட்டாரத்தில் அழகுக்கும் நாவன்மைக்கும் ஒருசேரப் பேர்போனவர். தந்தையின் நூலகத்தில் ஒளிந்து அமர்ந்து தாமே லத்தீன் கற்றுக்கொண்டவர்; தந்தை பார்த்த மாப்பிள்ளையை மறுத்து, 1712இல் எட்வர்ட் வோர்ட்லி மாண்டேகுவோடு வீட்டைவிட்டுப் போய் மணம்புரிந்தவர். இருபதே வயதான அவருடைய தம்பியை இதே நோய் 1713இல் கொண்டுபோயிருந்தது. மேரி பிழைத்தார். ஆனால் கண்ணிமை முடிகள் உதிர்ந்து மீண்டும் முளைக்கவேயில்லை. முகமெங்கும் தழும்பு விழுந்தது.

நம் மொழியில் அம்மைக் கொப்புளத்தை 'முத்து' என்று சொல்வது வழக்கம். அச்சத்தை மரியாதையாக மாற்றிக்கொண்ட சொல் அது. மேரியின் ஊரில் அப்படியொரு ஆறுதல் இருக்கவில்லை. அங்கே ஒரு பெண்ணின் முகம் அவளுடைய செல்வாக்கு, அவளுடைய எதிர்காலம். நோயிலிருந்து எழுந்த கொஞ்ச காலத்திலேயே, அம்மையால் அழகிழந்த பெண்ணொருத்தி கண்ணாடியைத் தள்ளிவைத்துவிட்டுப் புலம்புவதாக ஒரு கவிதையை அவர் எழுதினார். அதில் தன்னிரக்கமும் உண்டு, அந்தத் தன்னிரக்கத்தைப் பார்த்துச் சிரிக்கும் குரலும் உண்டு. இந்த இரட்டைக் குரலை நினைவில் வைத்துக்கொண்டால்தான் அவருடைய பயணக் கடிதங்களைச் சரியாக வாசிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

1716இல் கணவர் ஒட்டோமான் பேரரசுக்கான ஆங்கிலத் தூதராக நியமிக்கப்பட்டார். ஆஸ்திரியாவுக்கும் துருக்கிக்கும் நடந்துகொண்டிருந்த போரில் சமரசம் செய்துவைப்பது அவர் பணி. அந்தப் பணி தோல்வியடைந்து, அவர் விரைவிலேயே திருப்பி அழைக்கப்பட்டார் என்பதற்கு மேல் அதைப்பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. மேரியோ மூன்று வயது மகனோடு கூடவே புறப்பட்டார். ஹேக், வியன்னா, பெல்கிரேட், சோஃபியா, ஏட்ரியநோபிள் (இன்றைய எதிர்னே), கான்ஸ்டான்டிநோபிள் என்று இரண்டாண்டுகளுக்கு மேல் நீண்டது அந்தப் பயணம். அப்போது அவர் எழுதிய கடிதங்களையும் குறிப்புகளையும் ஊர் திரும்பியபின் திருத்தி, ஒழுங்குபடுத்தி, இரண்டு ஏடுகளில் படியெடுத்து வைத்தார். 52 கடிதங்கள். பல கடிதங்கள் ஒரே நாளில், 1717 ஏப்ரல் 1 அன்று எழுதப்பட்டவையாகத் தேதியிடப்பட்டிருப்பதைக் கண்டால், இவை தபாலில் போன அப்படியே நம் கைக்கு வரவில்லை என்பது விளங்கும். ஆகவே இவற்றைக் கடித வடிவிலான ஒரு நூல் என்று கொள்வதே பொருத்தம்.

உடையைப் பற்றி எழுதும்போது மேரியின் கண் கூர்மையடைகிறது. வியன்னா அரசவைப் பெண்கள் தலையில் மெல்லிய துணியாலும் நாடாக்களாலும் மூன்று நான்கு மாடி கட்டி, ஒரு கஜ உயரத்துக்கு எழுப்பியிருந்ததை அவர் கட்டடக்கலை விமர்சகரைப் போல விவரிக்கிறார். திமிங்கில எலும்பு வளையங்கள் வைத்த பாவாடைகளின் சுற்றளவும் அவர் கேலிக்குத் தப்பவில்லை. ஆயினும் அரசியைக் காணச் செல்கையில் அந்த ஊர் முறைப்படி தாமும் அப்படியே இறுக்கி உடுத்திக்கொண்டுதான் போனார். அதே ஊரில் முப்பத்தைந்து வயதுக்குட்பட்ட பெண்களை யாரும் பொருட்படுத்துவதில்லை என்பதைக் கண்டு வியக்கிறார். வயதும் அழகும் எங்கும் ஒரே கணக்கில் ஓடுவதில்லை என்ற எண்ணம் அங்கேயே அவருள் விழுந்திருக்க வேண்டும்.

ஏட்ரியநோபிளில் துருக்கிய உடை தைத்துக்கொண்டு, அதைத் தங்கைக்கு வர்ணிக்கும் கடிதம் புகழ்பெற்றது. ரோஜா நிறத்தில் வெள்ளிப்பூ வேலைப்பாடுள்ள கால்சராய், பொன்னிழை தைத்த வெள்ளைத் தோல் காலணி, மெல்லிய பட்டுச் சட்டை, அதன்மேல் உடம்போடு ஒட்டிய அந்தாரி, அதற்கும் மேல் கஃப்தான், நான்கு விரல் அகலத்தில் ஒட்டியாணம் போன்ற ஓர் அரைக்கச்சை. ஒரு பெண்ணின் கூந்தலில் முத்தும் நாடாவும் சேர்த்துப் பின்னிய 110 சடைகளை எண்ணிச் சொல்கிறார். அழகிழந்தவர் என்று தம்மைக் கருதிக்கொண்ட ஒருவர் இன்னொருத்தியின் சடைகளைப் பொறாமையின்றி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்த காட்சி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது.

இக்கடிதங்களில் அதிகம் பேசப்பட்டது சோஃபியா நகரத்து வெந்நீர்க் குளியலறைக் கடிதம். மேரி குதிரைச்சவாரிக்குரிய உடையில் உள்ளே நுழைகிறார். ஏறத்தாழ 200 பெண்கள் ஆடையின்றி அமர்ந்து காப்பியோ சர்பத்தோ அருந்திக்கொண்டிருக்கிறார்கள். பணிப்பெண்கள் சிலருக்குத் தலை பின்னிவிடுகிறார்கள். விநோதமாக உடுத்திவந்த அந்நியப் பெண்ணைப் பார்த்து ஒருவர்கூட ஏளனமாகச் சிரிக்கவில்லை, கிசுகிசுக்கவில்லை. ஐரோப்பிய அரசவை எதிலும் இத்தகைய பண்பு கிடைத்திராது என்கிறார். ஊர்ச் செய்தியெல்லாம் பேசித் தீர்க்கப்படும் அந்த இடம் பெண்களின் காப்பிக்கடை என்பது அவர் கணிப்பு. லண்டன் காப்பிக்கடைகள் ஆண்களின் உலகமாக இருந்த காலம் அது.

அங்கேதான் போகிறபோக்கில் ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஆடையில்லாமல் இருப்பதே உலக வழக்கமாக இருந்தால் முகத்தை எவரும் கவனிக்கவே மாட்டார்கள். மேனியும் வடிவும் நேர்த்தியான பெண்களே, முகம் சற்றுச் சுமாராக இருந்தாலும், தம் வியப்பைக் கவர்ந்தார்கள் என்கிறார். வேடிக்கைப் பேச்சாக இதை வாசித்துக் கடந்துவிடலாம். ஆனால் எழுதியவர் அம்மைத் தழும்பு விழுந்து பதினாறு மாதமே ஆன ஒருவர். முகம் முக்கியமில்லாத ஓர் உலகத்தை அவர் ஒரு பகல்பொழுது கண்டுவிட்டார்.

அந்தப் பெண்கள் மேரியையும் ஆடை களையச் சொல்லி வற்புறுத்துகிறார்கள். அவர் மேலாடையை விலக்கி, உள்ளே இறுகப் பூட்டியிருந்த எலும்புக் கச்சையைக் காட்டுகிறார். கணவன் மனைவியைப் பூட்டிவைக்கச் செய்த இயந்திரம் அது என்று முடிவுகட்டி அவர்கள் விட்டுவிடுகிறார்கள். கீழைநாட்டுப் பெண் சிறைப்பட்டவள் என்று ஐரோப்பா எழுதிக்கொண்டிருந்தபோது, சிறை யாருடைய உடம்பில் இருக்கிறது என்று குளியலறைப் பெண்கள் சுட்டிக்காட்டிவிட்டார்கள்.

அங்கே ஓவியர் சார்ல்ஸ் ஜெர்வஸ் கண்ணுக்குத் தெரியாமல் வந்து நின்றிருந்தால் அவர் கலை எவ்வளவோ மேம்பட்டிருக்கும் என்றும் மேரி விளையாட்டாக எழுதுகிறார். ஜெர்வஸ் வரவில்லை, ஒரு நூற்றாண்டு கழித்து வேறொருவர் வந்தார். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் இக்கடிதத்தின் பகுதிகளைத் தம் குறிப்பேட்டில் படியெடுத்து வைத்திருந்தார். கிழக்கு நாடுகளுக்கு ஒருமுறையும் போகாத அவர், எண்பது வயதைக் கடந்தபின் 1862இல் 'துருக்கியக் குளியல்' ஓவியத்தை முடித்தார். அது இன்று லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வட்டச் சட்டகத்துக்குள், சாவித்துவாரத்தின் வழியே எட்டிப்பார்ப்பதுபோல, மயங்கிக் கிடக்கும் உடல்கள். மேரி கண்டவற்றில் அரட்டையும் கண்ணியமும் கழிந்து, சதை மட்டும் மிஞ்சியிருக்கிறது. திறமையில் குறையில்லாத ஓவியம்தான். ஆனால் மூலக்கடிதத்தை வாசித்தவர்களுக்கு அதை ரசிப்பது கடினம்.

தமக்கு முன் துருக்கியைப் பற்றி எழுதிய ஆண் பயணிகளை மேரி இடைவிடாமல் கிண்டல் செய்கிறார். அந்தப்புரத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் உள்ளே நடப்பதை எப்படி எழுதுகிறார்கள் என்பது அவர் கேள்வி. முகத்திரையைப் பற்றி அவர் சொன்னதும் அக்காலத்துக்குப் புதிது. அங்கிக்கும் திரைக்கும் பின்னால் சீமாட்டி யார், அடிமை யார் என்று தெரியாது. பொறாமை பிடித்த கணவனுக்கும் வழியில் எதிர்ப்படும் தன் மனைவியை அடையாளம் தெரியாது. ஆகவே அப்பெண்களே மிகுந்த சுதந்திரம் உடையவர்கள் என்றார். அவர்களுடைய சொத்து அவர்கள் கையிலேயே இருந்ததையும் குறித்தார். மணமான ஆங்கிலப் பெண்ணுக்கு அப்போது சட்டத்தில் அந்த உரிமை இல்லை. முகத்தை மறைத்துக்கொள்வது விடுதலை என்று அவருக்குத் தோன்றியதற்குத் தழும்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் வைத்து அவரை ஒரு புரட்சியாளராக்கிவிடவும் முடியாது. அடிமைகள் நன்றாகவே நடத்தப்படுவதாகவும், வேலைக்காரர் நிலைக்கு அது ஒன்றும் தாழ்ந்ததல்ல என்றும் அவர் சாதித்தார். திரும்பும் வழியில் துனிசியாவில் பார்த்த ஏழைப் பெண்களைக் குரங்குகளோடு ஒப்பிட்டு எழுதிய பத்தியை இன்று கூசாமல் வாசிக்க இயலாது. பட்டும் முத்தும் அணிந்த அழகுக்குத் திறந்த கண், வெயிலில் கறுத்த அழகுக்குத் திறக்கவில்லை.

அதே 1717 ஏப்ரல் 1 எனத் தேதியிட்ட இன்னொரு கடிதம், சேரா சிஸ்வெல் என்ற தோழிக்கு. செப்டம்பரில் வெயில் தணிந்ததும் பதினைந்து பதினாறு பேராகக் கூடி, கிழவிகளை வரவழைத்து அம்மை குத்திக்கொள்ளும் வழக்கத்தை அதில் விவரிக்கிறார். கிழவி ஒரு கொட்டை ஓட்டில் அம்மைப்பால் கொண்டுவருவாள். ஊசியால் நரம்பைக் கீறி, ஊசிமுனை கொள்ளுமளவு உள்ளே செலுத்திக் கட்டிவிடுவாள். எட்டாம் நாள் காய்ச்சல், இரண்டு நாள் படுக்கை, முகத்தில் இருபது முப்பது முத்துகள், பிறகு தழும்பே இல்லை. இதை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தே தீருவேன், வருமானம் போகுமே என்று அஞ்சும் மருத்துவர்களோடு போரிட நேர்ந்தாலும் சரி என்கிறார். அந்தத் தோழி 1726இல் பெரியம்மையிலேயே இறந்துபோனார்.

தூதரக மருத்துவர் எம்மானுவேல் டிமோனி எழுதி, லண்டன் ராயல் சொசைட்டி 1714லேயே வெளியிட்ட கட்டுரையில் இம்முறை விளக்கப்பட்டிருந்தது. அறிஞர்கள் படித்துவிட்டு மூடிவைத்தார்கள். மேரி படிப்பதோடு நிற்கவில்லை. 1718 மார்ச்சில், கணவர் வெளியூரில் இருந்தபோது, ஐந்து வயது நிறையாத மகனுக்கு அம்மை குத்த ஏற்பாடு செய்தார். கிரேக்கக் கிழவியின் கை நடுங்கியது. ஊசி மழுங்கித் துருவேறியிருந்தது. பிள்ளை துடிப்பதைப் பொறுக்காமல், தூதரக அறுவை மருத்துவர் சார்ல்ஸ் மெய்ட்லண்ட் மறுகையில் தம் கத்தியால் தாமே குத்தினார். அங்கேயே பிறந்திருந்த கைக்குழந்தைக்கு அப்போது குத்தவில்லை. பால்கொடுத்த செவிலிக்கு அம்மை வந்ததில்லை, அவளுக்குத் தொற்றிவிடும் என்ற எச்சரிக்கையே காரணம்.

1721இல் லண்டனில் அம்மை பரவியபோது, அந்த மகளுக்கும் மெய்ட்லண்டைக் கொண்டே குத்தச்செய்தார். மருத்துவர்கள் வந்து பார்த்தார்கள். ஆகஸ்டில் நியூகேட் சிறைக் கைதிகள் ஆறு பேருக்கு, விடுதலை வாக்களித்து, குத்திப் பார்த்தார்கள், ஆறுபேரும் பிழைத்தனர். 1722 ஏப்ரலில் அரச குடும்பத்துச் சிறுமியர் இருவருக்குக் குத்தப்பட்டது. எதிர்ப்பும் கடுமையாகவே இருந்தது. கடவுளின் சித்தத்தில் தலையிடும் செயல் என்று மேடையில் பாதிரியார் முழங்கினார். கல்வியறிவற்ற அயல்நாட்டுப் பெண்களின் வழக்கத்தை அரண்மனைக்குள் கொண்டுவருவதா என்று ஒரு மருத்துவர் நூலே எழுதினார். ஏற்றுக்கொண்ட மருத்துவர்களும் கிழவியின் சிறு கீறலை ஆழ வெட்டாக்கி, முன்கூட்டியே இரத்தம் எடுப்பது, பேதிக்குக் கொடுப்பது என்று சேர்த்துவிட்டார்கள். பொறுக்கமாட்டாமல் மேரி, துருக்கி வணிகர் ஒருவர் எழுதுவதுபோலப் பெயர் மறைத்துப் பத்திரிகையில் கண்டித்தார். ஆபத்தும் இல்லாமலில்லை: அம்மை குத்திக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐம்பதில் ஒருவர் இறந்தார்கள். இயல்பாக நோய்கண்டவர்களிலோ ஆறு ஏழு பேருக்கு ஒருவர்.

எட்வர்ட் ஜென்னரின் பசுவம்மைத் தடுப்பு முறை 1796இல் வந்தது. அது இங்கே வந்த விதத்திலும் அழகும் கலையும் கலந்துள்ளன. மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரை தாமஸ் ஹிக்கி சுமார் 1805இல் வரைந்த ஓவியம், அம்மை குத்திக்கொள்ள மக்களைத் தூண்டுவதற்காக வரையப்பட்டது என்று வரலாற்றாய்வாளர் ஒருவர் வாதிட்டிருக்கிறார். குறளை ஆங்கிலத்தில் பெயர்த்த எல்லிஸ், சக்திக்கும் தன்வந்திரிக்கும் நடக்கும் உரையாடலாக அம்மைப்பாலின் பெருமையைத் தமிழில் எழுதினார். துணியாலும் நகையாலும் தெய்வத்தாலும் பேசினால்தான் மருத்துவம் உள்ளே வரும் என்பதை அவர்களும் அறிந்திருந்தார்கள் போலும்.

மேரியின் கடிதங்கள் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை. இத்தாலியிலும் பிரான்சிலுமாக இருபதாண்டுகளுக்கு மேல் தனித்து வாழ்ந்தபின், ஊர் திரும்பும் வழியில் 1761இல் ராட்டர்டாமில் ஒரு பாதிரியாரிடம் அந்த இரண்டு ஏடுகளையும் ஒப்படைத்தார். 1762இல் இறந்தார். குடும்ப மானம் கருதி மகள் தடுக்க முயன்றும், 1763இல் நூல் வெளிவந்துவிட்டது. ஆனால் மேரி வாழ்நாள் முழுவதும் எழுதிவந்த நாட்குறிப்பை அந்த மகள் பின்னாளில் எரித்துவிட்டார். தாய் முதன்முதலாக இங்கிலாந்தில் அம்மை குத்திக் காப்பாற்றிய மகள்தான் அவர்.

மேரியின் உருவப்படங்கள் பல எஞ்சியுள்ளன. கான்ஸ்டான்டிநோபிளில் வான்மூர் வரைந்த படத்தில் மகன் பக்கத்தில் நிற்கிறான். லண்டனில் நெல்லரும் ரிச்சர்ட்சனும் கீழைநாட்டு உடையில் அவரை வரைந்தார்கள். எதிலும் ஒரு தழும்புகூட இல்லை. எல்லாமே பளிங்கு முகங்கள்.

அம்மையின் உண்மையான தடம் வேறொரு காகிதத்தில் பதிவாகியிருக்கிறது. மகன் வளர்ந்து பெரும் தொல்லையாக மாறினான். 1720களின் பிற்பகுதியில், பதின்வயதில், லண்டனில் பள்ளியைவிட்டு ஓடிப்போனான். அவனைத் தேடிக் குடும்பம் விளம்பரம் கொடுத்தது. அடையாளம் என்று அதில் குறிப்பிடப்பட்டவை, இரண்டு கைகளிலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலே இருந்த சிறிய வட்டத் தழும்புகள். ஒன்று கிழவியின் துருவேறிய ஊசியால் ஆனது, மற்றது மெய்ட்லண்டின் கத்தியால்.