மந்திரவாதி, ரெண்டு வீரர்கள், ஒரு இளவரசி: கடைசி அத்தியாயம் இல்லாத பைண்டு புக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர்னா குரும்பலூர். பெரம்பலூர்லேர்ந்து துறையூர் ரோட்டுல போனா கொஞ்ச தூரம்தான். சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் வெளையுற பூமி, மேற்கால பார்த்தா பச்சைமலை. நாலு நாள் ஆணி புடுங்கற வேலை கிடையாது, லேப்டாப்பைத் தொடக்கூடாதுன்னு சபதம் எடுத்துக்கிட்டுப் போனேன். சபதம் ரெண்டாம் நாளே பணால். காரணம் ஆபீஸ் இல்ல, அக்கா பொண்ணு.

அவளுக்குப் பத்து வயசு. மழை தூறிக்கிட்டு இருந்துச்சு, கரண்ட் வேற போயிருச்சு. "மாமா, படிக்க எதாச்சும் இருக்கா?"ன்னு வந்து நின்னா. பரண்ல ஏறித் தேடினதுல ஒரு பைண்டு புக்கு சிக்குச்சு. எங்க தாய்மாமா சின்னப்பையனா இருந்தப்போ அம்புலிமாமாவுல வந்த தொடர்கதையை மாசாமாசம் கிழிச்சு, காடாத்துணியும் கோந்தும் வச்சு அவரே பைண்டு பண்ணது. முதல் பக்கம் இல்ல, அதனால கதையோட பேரு தெரியாது. கடைசி அத்தியாயமும் இல்ல. அந்த மாசம் தாத்தா காசு தரலையாம். மாமாவுக்கு இப்ப அறுபது வயசு ஆகுது. அந்தக் கதை எப்படி முடிஞ்சுதுன்னு இன்னிய வரைக்கும் அவருக்குத் தெரியாது!

மேல போறதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க.

அம்புலிமாமா 1947 ஜூலையில ஆரம்பிச்சது. சுதந்திரத்துக்கு ஒரு மாசம் மூத்தது. தெலுங்குல சந்தமாமா, தமிழ்ல அம்புலிமாமா, ரெண்டும் ஒண்ணா சென்னையிலேர்ந்து வந்துச்சு. அப்புறம் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பரவுச்சு. ஆரம்பிச்சவங்க நாகிரெட்டியும் சக்ரபாணியும். ஆமா, விஜயா புரொடக்ஷன்ஸ்காரங்களேதான். 1951-ல 'பாதாள பைரவி', 1957-ல 'மாயாபஜார்' எடுத்த அதே ஆளுங்க. 'பாதாள பைரவி'யை யோசிச்சுப் பாருங்க. ஒரு தோட்டக்காரர் மகன், ஒரு இளவரசி, ரங்காராவ் மாதிரி ஒரு மந்திரவாதி, பாதாளத்துல ஒரு சக்தி. பத்திரிகையில பின்னாடி வந்த மாயாஜாலத் தொடர்களோட சாமான் எல்லாமே அந்தப் படத்துல இருக்கு. சினிமா செட்டும் சிறுவர் பத்திரிகையும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க.

அந்தத் தொடர்கள் 1954-ல 'தோகச்சுக்க' (வால் நட்சத்திரம்) கதையோட வேகம் பிடிச்சுது. எழுதினவர் தாசரி சுப்ரமண்யம். தெலுங்குல எழுதுவார், மத்த மொழிகளுக்கு அது மொழிபெயர்ப்பா போகும். 'பாதாள துர்கம்', 'மாயா சரோவரம்', 'பல்லூக மாந்திரிகுடு'ன்னு ஒரு டஜன் தொடர் எழுதியிருக்கார். படம் போட்டவர் சித்ரா. அவர் 1978-ல காலமானார். கிட்டத்தட்ட அதோட அந்த வகைத் தொடர்களோட காலமும் முடிஞ்சுபோச்சு. இன்னொரு பக்கம் சங்கர் போட்ட விக்கிரமாதித்தன் படம், தோள்ல பொணம், கையில வாளு. அதை மறக்க முடியுமா? சங்கரும் 2020-ல போய்ட்டார். பத்திரிகை 2007-ல வேற ஒரு கம்பெனி கைக்கு மாறி, சில வருஷத்துல நின்னே போச்சு.

இதுல எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு உண்டு. தாசரி சுப்ரமண்யம் எழுதின தொடர்கள்ல அவர் பேரு அச்சாகலை. மாமா வருஷக்கணக்கா ரசிச்சுப் படிச்சவரோட பேரை நான் சொல்லித்தான் அவருக்கே தெரியும். 2010-ல அந்த மனுஷன் இறந்தப்போ தமிழ்ப் பக்கம் ஒரு முணுமுணுப்பு கூட இல்ல. நாம எழுதற கோடுக்குக் கூட மேல ஒரு வரியில யாரு எழுதினான்னு போட்டுக்கறோம். பல லட்சம் குழந்தைங்களைத் தூங்கவிடாம பண்ணவருக்கு அந்த ஒரு வரி கிடைக்கல.

சரி, கதைக்கு வருவோம். மழை விடற வரைக்கும் அவளுக்கு நான் வாசிச்சுக் காட்டினேன். கேட்டுக்கிட்டு இருந்த அவ மூஞ்சியைப் பார்த்தப்போ, எட்டுலேர்ந்து பன்னிரண்டு வயசுப் பசங்களுக்கு இந்தக் கதைங்க ஏன் இப்படி ஒட்டிக்குதுன்னு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

முதல் பலம், நிறுத்தற இடம். ஒவ்வொரு அத்தியாயமும் யாராவது ஒருத்தர் பள்ளத்துல தொங்கிக்கிட்டு இருக்கும்போதுதான் முடியும். பக்கம் கம்மி, அதனால வர்ணனைக்கு இடமே கிடையாது. காடுன்னா காடு, உடனே புலி. நம்ம மாதிரி மூணு பாரா பீடிகை போடற ஆளுங்க கத்துக்க வேண்டிய விஷயம்.

ரெண்டாவது, பயத்தை மறைக்காதது. மண்டையோடு, பாழடைஞ்ச கோயில், நரபலி எல்லாம் வரும். இன்னிக்கு எந்த அப்பா அம்மாவும் யோசிப்பாங்க. ஆனா அந்த வயசுப் பிள்ளைங்க பயத்தைத் தேடித்தான் கதைக்கு வருது. பயந்து, நடுங்கி, கடைசியில பத்திரமா வெளிய வர்ற அனுபவம் வீட்டுத் திண்ணையில உக்காந்துக்கிட்டே கிடைக்குது பாருங்க.

மூணாவது, வேதாளம். மூலக்கதை சோமதேவரோட கதாசரித்சாகரம், பதினொன்றாம் நூற்றாண்டு. அதுல இருபத்தஞ்சு கதைதான். அம்புலிமாமாக்காரங்க அதே சட்டத்துக்குள்ள புதுசு புதுசா கதை போட்டுப் பல வருஷம் ஓட்டினாங்க. ஒவ்வொரு தடவையும் கதை முடிஞ்சதும் ஒரு கேள்வி. யாரு செஞ்சது சரி? ராஜா பதில் சொல்றதுக்குள்ள நாம ஒரு பதில் யோசிச்சிருப்போம். பத்து வயசுல எனக்குக் கிடைச்ச முதல் விவாத மேடை அதுதான். பட்டிமன்றமெல்லாம் அப்புறம்.

இதெல்லாம் சொல்லி முடிக்கும்போது அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"மாமா, அந்த இளவரசி என்னதான் பண்றா?"

புரட்டிப் பார்த்தேன். முதல்ல கடத்தப்படறா. அப்புறம் ஒரு குகையில அழறா. நடுவுல ஒரு தடவை மயக்கம் போடறா. அவ்ளோதான். படத்துல மட்டும் நல்லா நகை போட்டிருக்கா. நானும் எத்தனை தடவையோ படிச்சிருக்கேன், எனக்கு இது தோணினதே இல்ல. தோணாததுக்குக் காரணம், நான் எப்பவும் குதிரை மேல இருந்தவன். அவ குகையில இருந்து பார்க்கறா.

அடுத்தது எனக்குத்தான் விழுந்த அடி. அந்தக் கதையில காட்டு ஜனங்க வர்றாங்க. படத்துல கறுப்பா, எலும்பு மாலை போட்டு, மனுஷனை நெருப்புல வாட்டத் தயாரா நிக்கறாங்க. அந்தப் பக்கத்தைத் திருப்பினப்போ பச்சைமலையிலேர்ந்து எங்க கிளாஸ்ல வந்து படிச்ச ஒரு பையன் ஞாபகம் வந்தான். மலையாளிப் பழங்குடி. ஆறாவதுல அவனை 'காட்டுவாசி'ன்னு கூப்பிட ஆரம்பிச்சதே நான்தான். எலும்பு மாலை எங்கடான்னு கேட்டிருக்கேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். பாதி வருஷத்துல நின்னுட்டான். என்னாலதான் நின்னான்னு சொல்ல முடியாது, வீட்டுல என்ன கஷ்டமோ. ஆனா அந்த வார்த்தையை எனக்குக் குடுத்தது இந்தக் கதைங்கதான், அதை எடுத்து வீசினது நான். வெறும் கதைதானே, குழந்தைக்கு என்ன தெரியும்னு சொல்றவங்களுக்கு என்கிட்ட இருக்கற பதில் இதுதான். எல்லாம் தெரியும். அதான் பிரச்சனை.

மூணாவது குறை, இந்தக் கதைங்கள்ல குழந்தைங்களே கிடையாது. வீரர்கள் எல்லாம் மீசை முளைச்ச வாலிபர்கள். 1950-ல வந்த நார்னியாவுல உலகத்தைக் காப்பாத்தறது நாலு பிள்ளைங்க. 1997-ல வந்த ஹாரி பாட்டருக்குப் பதினோரு வயசு. அந்தப் பிள்ளைங்க தப்பு பண்ணும், சண்டை போட்டுக்கும், கதை முடியறப்போ கொஞ்சம் வேற ஆளா ஆகியிருக்கும். நம்ம வீரர்கள் முதல் அத்தியாயத்துல எப்படி இருந்தாங்களோ அப்படியேதான் கடைசியிலயும் இருப்பாங்க. ராஜ்யம் மட்டும் கூடுதலா கிடைச்சிருக்கும்.

அப்போ தமிழ்ல வேற யாருமே முயற்சி பண்ணலையான்னு கேட்டா, அப்படியும் சொல்ல முடியாது. அரிமளத்துல 1925-ல பொறந்த வாண்டுமாமா (இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி) 2014-ல சாகற வரைக்கும் குழந்தைங்களுக்காகவே வாழ்ந்த மனுஷன். 1984-லேர்ந்து 'பூந்தளிர்' நடத்தினார். அவர் கதையில மந்திரமும் இருக்கும், சிரிப்பும் இருக்கும், முக்கியமா அது தமிழ்லயே யோசிச்ச தமிழ். அம்புலிமாமாவோட மொழிபெயர்ப்பு நடையில கிடைக்காத ருசி அது. ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில எழுதின 'பனிமனிதன்' இமயமலைக்குக் கூட்டிப்போய், சாகசத்துக்கு நடுவுலயே அறிவியலையும் பரிணாமத்தையும் பேசுது.

2010-லேர்ந்து சாகித்ய அகாதெமி பால சாகித்ய புரஸ்கார்னு தனியா விருது குடுக்குது. 2014-ல அதை வாங்கினது இரா. நடராசனோட 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. நம்ம வேதாளம் அறிவியல் கேள்வி கேட்டா எப்படி இருக்கும்! 2020-ல வாங்கினவர் யெஸ். பாலபாரதி. அட, நம்மளை மாதிரியே வலைப்பதிவு எழுதிக்கிட்டு இருந்தவர்தாங்க! அவரோட 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' கதையில ஒரு மரப்பாச்சி பொம்மை உயிர் வந்து பேசுது, பேசறது பெரியவங்க குழந்தைங்ககிட்ட பேசத் தயங்கற பாலியல் தொல்லையைப் பத்தி. மாயாஜாலத்தை இப்படியும் பயன்படுத்தலாம்னு காட்டின புத்தகம்.

ஆனா உண்மையைச் சொல்லணும்ல? புதுசா வர்ற சிறுவர் புத்தகங்கள்ல பலதுக்கு ஒரு வியாதி இருக்கு. கருத்து. ஆத்துல தண்ணி குடிக்கப் போற மான் கூட சுற்றுச்சூழல் வகுப்பு எடுத்துட்டுத்தான் குடிக்கும். அறுபது பக்கத்துல முடிஞ்சுடும், பள்ளத்துல யாருமே தொங்க மாட்டாங்க. பழசுல வேகம் இருந்துச்சு, நியாயம் இல்ல. புதுசுல நியாயம் இருக்கு, ராத்திரி டார்ச் அடிச்சுப் படிக்கற வேகம் இல்ல. ரெண்டும் ஒண்ணா இருக்கற இருநூறு முந்நூறு பக்க நாவல் தமிழ்ல ஒரு அலமாரி நிறைய வேணும். இங்க்லீஷ்ல அது இருக்கறதாலதான் நம்ம வீட்டுப் பிள்ளைங்க அந்தப் பக்கம் போகுது. தமிழ் மேல வெறுப்புனால இல்ல.

களம் இல்லையா என்ன? எங்க மாவட்டத்தையே எடுத்துக்கங்க. சாத்தனூர்ல 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லா படுத்திருக்கு. வயசு ஏறக்குறைய 12 கோடி வருஷம். 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்ங்கற புவியியல் அறிஞர் அடையாளம் கண்டது. காரைப் பக்கம் போனா பாளம் பாளமா வெடிச்ச செம்மண் பள்ளத்தாக்கு, அம்புலிமாமாவுல சித்ரா போட்ட ராட்சசப் பள்ளத்தாக்கு மாதிரியே இருக்கும். குனிஞ்சா கால்ல கடல் நத்தை தட்டும், ஏன்னா அங்க அப்போ கடல் இருந்துச்சு. 2020-ல குன்னத்துல உருண்டை உருண்டையா கிடைச்சதை டைனோசர் முட்டைன்னு ஊரே ஓடுச்சு, கடைசியில பார்த்தா அம்மோனைட் படிவம். இதுக்கு மேல ஒரு கதைக்கு என்னய்யா வேணும்?

மந்திரவாதி வேணுமா? சிறுவாச்சூர் தலபுராணத்துலயே இருக்கான். செல்லியம்மனை மந்திரத்தால கட்டிப்போட்டு வச்சிருந்த ஒருத்தனை, மதுரையிலேர்ந்து கோவத்தோட வந்த மதுரகாளி அழிச்சான்னு எங்க ஆயா சொல்லும். அந்தக் கதையில காப்பாத்தறது யாருன்னு கவனிங்க. குதிரையில வர்ற வீரன் இல்ல.

அன்னிக்கு ராத்திரி ஆயா சொன்ன இந்தக் கதையை நான் அக்கா பொண்ணுக்குச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. காலையில எழுந்து, பழைய ரூல்டு நோட்டுல மாமாவோட பைண்டு புக்குக்குக் கடைசி அத்தியாயம் எழுத உக்காந்துட்டா. இளவரசிக்குப் பேரு வச்சுட்டா, அதுவே ஒரு முன்னேற்றம். அவ குகையில கிடைச்ச கல்நத்தையை வச்சுக் கட்டை அறுத்துக்கிட்டு வெளிய வர்றா. காட்டு ஜனங்கதான் வழி காட்டறாங்க. அவங்க ஏன் எலும்பு மாலை போட்டிருக்காங்கன்னு இளவரசி கேக்கறா. "அது எலும்பு இல்ல, பழைய கடலோட சிப்பி"ன்னு சொல்றாங்க. நான் அவளுக்கு அந்தப் பையனைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. படிச்சு முடிச்சப்போ எனக்குத் தொண்டையை அடைச்சுது.

மாமா கண்ணாடி போட்டுக்கிட்டு நாலு பக்கத்தையும் படிச்சார். கோந்து எடுத்துட்டு வரச் சொன்னார். கடைசி அத்தியாயத்தை ஒட்டியாச்சு.

அந்த நிஜ முடிவு எதுன்னு தெரிஞ்சவங்க இருந்தா எனக்குத் தனியா சொல்லுங்க. அவகிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். மாமாவும் வேணாம்னுட்டார். :-)

டிஸ்கி: இவ்ளோ குறை சொல்றியே, நீ எழுதேன்னு கேக்கப் போறீங்க. ரெண்டு அத்தியாயம் எழுதி வச்சிருக்கேன். ரெண்டுலயும் மான் பேசுது. அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கணும். வர்ட்டா?